பெயர் காலியாக உள்ளது

ஆம்பூர் ஷூ கம்பெனியின் கணினி அறையில், பசை வாடை படிந்த முந்தானையைப் பற்றியவாறு செல்லம்மாள் நிற்கிறார். கலவை என்ற ஊரில் இறந்துகிடக்கும் அண்ணனை எடுப்பதற்குள் அவர் போய்ச் சேர வேண்டும். கேட் பாஸ் இல்லாமல் வெளியே விடமாட்டார்கள். அதற்கான படிவத்தில் பெயரை நிரப்பி அனுப்பும் ஒவ்வொரு முறையும் ‘பெயர் காலியாக உள்ளது’ என்றே திரை காட்டுகிறது. “இன்னா தம்பி, எனுக்குப் பேரே இல்லியா?” நிரல் எழுதும் மதியழகன் படிவத்தின் நிரலைத் திறந்து பார்க்கிறான். தொழிலாளர்களுக்கு எளிதாகட்டும் என்று படிவத்தைத் தமிழாக்கியபோது, கட்டத்தின் உள்ளே மறைந்திருக்கும் ‘நேம்’ என்ற குறிப்பையும் ‘பெயர்’ என்று அவனே மாற்றிவிட்டிருக்கிறான். நிரலோ இன்னும் ‘நேமை’த் தேடுகிறது. திருத்துகிறான். பாஸ் அச்சாகி, சூடாக வெளிவருகிறது. அதை நீட்டும்போது அவர் கைப்பேசி ஒலிக்கிறது. கேட்டுவிட்டு மெல்ல இடுப்பில் செருகிக்கொள்கிறார். “எடுத்துட்டாங்களாம். இத கேன்சல் பண்ணிடு தம்பி, காரியத்துக்காச்சும் லீவு மிச்சமாவும்.”