அன்செல்முக்கு எடுத்து வைத்த ரொட்டி

"கண்ணெதிர்ல இருக்கிற ரொட்டியை இல்லைன்னா எப்படி மேடம்?"

கரீன் கேட்டது நியாயம்தான். கல்லாவுக்குப் பின்னால் ஒரு நீள ரொட்டி சாய்ந்து நின்றது.

"அது அன்செல்முக்கு எடுத்து வெச்சது," என்றாள் கடைக்காரி ஜினெத். "தாள்ல பேர் எழுதியிருக்கு பாருங்க."

"நேத்தும்தான் எழுதியிருந்தீங்க. அவர் வரவேயில்லை."

"வரலைன்னா நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். கால் முடியாத மனுஷன்."

சொன்னவள் ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கரீனை வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டினாள். கதவில் தொங்கிய பலகை, பன்னிரண்டரை வரை கடை உண்டு என்றது. அப்போது மணி பதினொன்றே முக்கால். இனி நாலு மணிக்குத்தான் திறப்பாள்.

பதினோரு வீடு உள்ள அந்தக் குக்கிராமத்துக்கு அது ஒன்றுதான் கடை. ரொட்டி, தபால் தலை, சிலிண்டர், சைக்கிள் ட்யூப், எல்லாம் அங்கேதான். அடுத்த கடைக்குப் பதினாலு கிலோமீட்டர். திங்கட்கிழமை அதுவும் லீவு. அன்று திங்கட்கிழமை.

விடுமுறைக்கு எடுத்திருந்த வீட்டில், கணவன் திபோ சீஸை வெட்டி வைத்துக் காத்திருந்தான். கரீன் வெறுங்கையோடு வந்ததும் அவன் முகம் தொங்கிப் போயிற்று.

"வெறும் சீஸைத் தின்னச் சொல்றியா? அந்த நோட்டை எடு, எழுது."

வந்து தங்குகிறவர்கள் ஊர் வசதிகளைப் பற்றி நிறைகுறை எழுதுவதற்காக மேயர் வைத்த நோட்டு அது. முதல் பக்கத்தில் அவரே எழுதியிருந்தார்: கடை ஊருக்குச் சொந்தம், செப்டம்பரில் ஒப்பந்தம் முடிகிறது, மறுபடி ஜினெத்துக்கே கொடுப்பதா என்பதை உங்கள் கருத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். ஏற்கெனவே இரண்டு புகார் இருந்தது. மூன்றாவதும் சேர்ந்தால் ஜினெத் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

கரீன் பேனாவைத் திறந்தாள். திறந்தவளுக்கு ஒன்று உறைத்தது.

"அன்செல்ம்னா பச்சை கேட் வீட்டுக்காரர்தானே? தபால் பெட்டியில பேர் பார்த்தேன்."

"அதுக்கென்ன?"

"காலையில தூண்டிலை மாட்டிக்கிட்டு சைக்கிள்ல பறந்தாரே. மேட்டுல இறங்கித் தள்ளக்கூட இல்லை. அவருக்கா கால் முடியலை?"

ஜினெத் மேல் இருந்த கோபம் அப்படியே அன்செல்ம் பக்கம் திரும்பியது. குத்துக்கல்லாட்டம் இருந்துகொண்டு ஒரு பெண்ணை நடக்கவைத்து வேலை வாங்குகிறார். அவளுக்கோ இதனாலேயே கடை போகப்போகிறது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று கிளம்பினாள் கரீன்.

பச்சை கேட் அருகே பேச்சுக்குரல் கேட்டது. வேலியோரம் நின்று எட்டிப் பார்த்தாள். தோட்டத்து மேஜையில் இரண்டு தட்டு, வெண்ணெயில் பொரித்த மீன், ஒரு குடுவை ஒயின். அன்செல்ம் ஒரு காலை முக்காலி மேல் நீட்டியிருந்தார்.

"கால் எப்படியிருக்கு?" என்று கேட்டாள் ஜினெத்.

"இன்னிக்குச் சுத்தமா ஊன முடியலைம்மா."

"மீன் மட்டும் தானா நடந்து வந்துச்சாக்கும்."

"பக்கத்து வீட்டுக்காரன் கொடுத்தான். உக்காரு, ஆறுது."

"கடைக்குப் போகணும்."

"கடை எங்கயும் ஓடிடாது."

ஜினெத் உட்கார்ந்தாள். கடையில் பல்லே தெரியாத அந்த முகம், அங்கே ஏதோ சொல்லி வாய்விட்டுச் சிரித்தது. கரீன் மீன் வாசனையைச் சாப்பிட்டுக்கொண்டு நின்றாள். ஜினெத் போன பிறகுதான் கேட்டைத் திறந்தாள்.

"இந்தக் காலாலதான் காலையில சைக்கிள் மிதிச்சீங்களா ஐயா?"

அன்செல்ம் அசடு வழியக் காலை இறக்கினார்.

"பார்த்துட்டீங்களா. சரி, உக்காருங்க. ரொட்டி மிச்சமிருக்கு."

கோபம் கோபமாக இருந்தாலும் கரீன் ரொட்டியை எடுத்துக்கொண்டாள்.

"அவ புருஷன் போய் ரெண்டு வருஷமாச்சு," என்றார் அன்செல்ம். "அதுக்கப்புறம் கல்லாவுல நின்னபடியே டப்பா மீனைத் தின்னுட்டுக் கிடந்தா. சாப்பிட வான்னா, வேலை இருக்கும்பா. ரொட்டி கொண்டு வான்னா, ஓடி வருவா. அதான் எனக்குக் கால்வலி. அந்த மேயர் நோட்டுல புகார் எழுதறதுன்னா என்மேல எழுதுங்க. சைக்கிளை மட்டும் எழுதிடாதீங்க. தெரிஞ்சா வரமாட்டா."

கரீன் கையிலிருந்த ரொட்டியை மென்று முடித்து, தலையாட்டிவிட்டு எழுந்தாள்.

அன்று மாலை நோட்டில் எழுதினாள்: "கடையில் ஒரு குறையும் இல்லை. ரொட்டி வேண்டுமென்றால் பதினோரு மணிக்குள் போய்விடுங்கள்."

மறுநாள் பத்தரைக்கே அவள் கடையில் இருந்தாள். ஜினெத் ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"நேத்து வேலிக்குப் பின்னால உங்க தொப்பி தெரிஞ்சுது மேடம். என்னைப் பத்தி நோட்டுல என்ன வேணா எழுதிக்குங்க. அவர் கால் நல்லா இருக்குன்னு மட்டும் எழுதிடாதீங்க. ஊர்க் கூட்டத்துல அந்த நோட்டை வாசிச்சாங்கன்னா மனுஷன் குறுகிப் போயிடுவார்."

கரீன் திகைத்துப் போனாள்.

"அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"போன வாரம் அவருக்கு சைக்கிள் ட்யூப் வித்ததே நான்தானே. பேரனுக்குன்னு சொன்னார். அவருக்குக் கல்யாணமே ஆகலை மேடம். நானும் போகலைன்னா, அவர் யாரோட உக்காந்து சாப்பிடுவார்?"