தூசி அளக்கும் நாள்

தெமோதரையில் எழும்பும் புதுக் கட்டடத்தின் உள்ளறையில், மூக்கையும் வாயையும் மூடிக் கைக்குட்டை கட்டிக்கொண்டு, கொங்கிறீட் சுவரை அறுக்க நிற்கிறார் யேசுரத்தினம். காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று அளக்க வந்திருக்கும் சிவரூபி, அவர் இடுப்பில் சின்னக் காற்றுப் பம்பைக் கட்டி, அதன் குழாய் நுனியைச் சட்டைக் கொலரில் மாட்டுகிறாள். "நீங்கள் இழுக்கிற காத்தைத்தான் இதுவும் இழுக்கும், ஐயா. கவனம், விலை கூடின சாமான்." "ஒண்ணும் ஆகாம பாத்துக்கிறேங்க மிஸ்." சொல்லி முடிக்குமுன் இருமல் வந்து அவரைக் குனிய வைக்கிறது. அது அடங்க நேரமாகிறது. அவள் வாசலுக்குப் போனதும் சுவர் அறுக்கும் மெஷின் அலறுகிறது. வெள்ளைத் தூசி எழுந்து, ஜன்னல் வெளிச்சத்தில் படியாமல் மிதந்து, அவர் கால்களையும் இடுப்பையும் விழுங்குகிறது. சிவரூபி தன் முகக்கவசத்தை அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள். திடீரென்று மெஷின் நிற்கிறது. யேசுரத்தினம் முகத்திலிருந்த கைக்குட்டையை அவிழ்க்கிறார். அதை இரண்டாக மடித்து, கொலரில் இருக்கும் குழாய் நுனியைச் சுற்றிப் பக்குவமாகக் கட்டுகிறார். "ஐயா, வேண்டாம், அதை எடுங்கோ." அதற்குள் மெஷின் மறுபடி அலறத் தொடங்கிவிடுகிறது, அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இரண்டு கையையும் ஆட்டுகிறாள். தூசி கழுத்துக்கு ஏறும்போது அவர் அவள் கையாட்டுவதைக் காண்கிறார். பத்திரமாக இருக்கிறது என்று கொலரைத் தொட்டுக் காட்டி, திறந்த வாயோடு அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்.