எலிப் புழுக்கைக் கடை

"அந்தக் கடையைத் திரும்பிக்கூடப் பாக்காதீங்க ஐயா. அவன் விக்கிற மிளகுல பாதி எலிப் புழுக்கை" என்று சொல்லிவிட்டு, சுற்றுலாக் கைடு காறித் தரையிலேயே துப்பினான்.

அது டிக்கெட் பரிசோதகரின் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அவர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். நானூறு வருஷத்துப் பழைய மசாலாச் சந்தை, தலைக்கு மேல் முழுக்கக் கல் கூரை, பார்த்தே தீர வேண்டிய இடம் என்றெல்லாம் அளந்துதான் பஸ்ஸில் ஏற்றி வந்தார்கள். வந்து பார்த்தால் காற்று நுழைய வழியில்லாத குகை. காலடியில் நசநசவென்று ஈரம், காய்ந்த பழக் குவியல்மேல் ஈ, ஆயிரம் பேர் வேர்வையோடு கிராம்பைக் கலந்து அரைத்த மாதிரி ஒரு வாடை.

ரயிலில் முப்பது வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பெற்ற அப்பனே ஏறி வந்தாலும் டிக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற ஆள். அப்பேர்ப்பட்டவர் போன சுற்றுலாவில் மாணிக்கம் என்று கண்ணாடிக் கல்லை வாங்கி விரலில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

அதனால்தான் இந்த முறை கிளம்பும்போதே மனைவி சொல்லிவிட்டாள். "அங்க குங்குமப்பூ வாங்குறது உங்க பொறுப்பு. அதுலயும் ஏமாந்தீங்கன்னா இனிமே பர்ஸ் என் கையில. கத்தரிக்கா வாங்கக்கூட என்னைக் கேட்டுட்டுத்தான் போகணும்."

கைடு அவர்களைக் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெரிய கடை முன்னால் நிறுத்தினான். "இங்க எல்லாம் சுத்தம் ஐயா. நம்பி வாங்கலாம். நமக்கு வேண்டிய ஆளு."

பரிசோதகர் மனைவியை ஓரமாக இழுத்தார். "கேட்டியா? வேண்டிய ஆளாம். இவனுக்கு இங்க கமிஷன்."

"கடை பளிச்சுனு இருக்குங்க. இங்கயே வாங்கிட்டுப் போயிடலாமே. எனக்கு இந்த நாத்தத்துல தலை சுத்துது."

"பளிச்சுனு இருக்கறதுதான் எனக்கு இடிக்குது. கமிஷன் குடுக்கறவனைத் தூக்கி வைக்கிறான். குடுக்காதவனை எலிப் புழுக்கைங்கறான். இவன் எவனைத் திட்டுறானோ அவன்தான் யோக்கியன். மூஞ்சியைப் பாத்தே டிக்கெட் இல்லாதவனை இறக்கி விட்டவன்டி நான்!"

சொன்னதோடு நிற்காமல் விறுவிறுவென்று எலிப் புழுக்கைக் கடைக்கே நடந்தார். வாசலில் ஒரு படிக்கல் பெயர்ந்து கிடந்தது. அவர் கால் வைத்ததும் அது ஆட, தடுமாறிக் கதவைப் பிடித்துக்கொண்டார். பின்னால் வந்த மனைவி பெருவிரலை இடித்துக்கொண்டு "அம்மா!" என்று அலறினாள்.

"ஐயா, வேணாங்க! பத்து வருஷமா இந்த வாசலை நான் மிதிச்சதே இல்ல!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்த கைடு, பரிசோதகர் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் அந்தப் படியைத் தாண்டி உள்ளே வந்தான்.

கடைக்காரன் கக்கத்தைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவும் இல்லை, வாங்க என்று சொல்லவும் இல்லை. "இந்தப் பொறுக்கி கூட்டிட்டு வர்ற ஆளுங்களுக்கு நான் விக்கறதில்ல. அந்தக் கண்ணாடிக் கடைக்கே போங்க."

பரிசோதகருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "நான் அவன் பேச்சைக் கேட்டு வரலைங்க. குங்குமப்பூ வேணும்."

"இருக்கறதே கொஞ்சம். வீட்டுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்."

"கொஞ்சம் பாத்துக் குடுங்க. ரொம்ப தூரத்துல இருந்து வந்திருக்கோம்."

பத்து நிமிஷம் கெஞ்சிய பிறகு அவன் ஒரு துருப்பிடித்த டப்பாவை இறக்கினான். கக்கத்தைச் சொறிந்த அதே கையை உள்ளே விட்டு அள்ளினான். மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பரிசோதகர் ஒரு இழையை எடுத்து, டிக்கெட்டைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"குப்பையை வாங்குறீங்க ஐயா. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது" என்றான் கைடு.

"வெளிய போடா நாயே!" கடைக்காரன் மிளகு அள்ளும் கரண்டியை வீசினான். கைடு குனிந்து தப்பித்து ஓடினான்.

அந்த ஒரு வீச்சுக்காகவே பரிசோதகர் பேரம் பேசாமல் டப்பாவில் இருந்தது மொத்தத்தையும் வாங்கினார்.

பஸ்ஸில் எல்லாரையும் ஏற்றிவிட்ட கைடு, பரிசோதகர் முகத்தையே பார்க்கவில்லை. "சாப்பிட்டுட்டு வந்துடறேன்" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

"பாத்தியா, கமிஷன் போன வயித்தெரிச்சல்" என்று சிரித்தார் பரிசோதகர்.

மனைவி அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள். "என்னங்க இது, விரலெல்லாம் ரத்தம் மாதிரி செவந்து கிடக்கு?"

"அசல் சரக்குடி. தொட்டாலே ஒட்டும்." அவர் சட்டைப் பையில் இருந்த பர்ஸை ஒரு தட்டு தட்டிக்கொண்டார். "இது இங்கயேதான் இருக்கும், தெரிஞ்சுக்கோ."

அந்த நேரம் எலிப் புழுக்கைக் கடையில் கடைக்காரன் இரண்டு டம்ளரில் டீ ஊற்றினான். ஒன்றில் விழுந்த ஈயை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த கைடிடம் நீட்டினான்.

"எலி பழசாயிடுச்சுடா தம்பி, நாளைக்குப் பல்லின்னு சொல்லு."