ஐந்தாவது சிரட்டை

ஏழேகால் பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருக்கிறது. மருமகள் வசந்தபாய் ஊறிய சிறுபயறைக் குக்கரில் போட்டு மூடி, விசிலை எடுத்துவிட்டு, அந்தக் குழாயின்மேல் கண் துளைத்த தேங்காய்ச் சிரட்டையை வைக்கிறாள். சிரட்டைக்குள் புட்டுமாவும் தேங்காய்த் துருவலும். "பொட்டித் தெறிச்சா கூரை ஓடு போவும், கேட்டியா," என்கிறான் என் மகன் சாம்தாஸ். "பொட்டாது. ஆவிதான் மேல போவுதுல்லா. அஞ்சு புட்டு இறங்கும்போ பயறும் வெந்திருக்கும் ஆக்கும்." காரக்கோணத்தில் ஒருத்தி இப்படி வைத்த புட்டு பறந்துபோய்க் குளத்தூர்க் கல்யாணப் பந்தியில் விழுந்ததையும், அவர்கள் பயறு எங்கே என்று கேட்டதையும் சொல்கிறேன். யாரும் சிரிக்கவில்லை. இன்றும் பிந்தினால் வசந்தபாய்க்கு ஆபீசில் அரைநாள் லீவு போய்விடும். ஆவி முதலில் நூலாகவும் பிறகு விரல் கனத்திலும் எழும்புகிறது. பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு, சாம்தாஸுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று வெள்ளைக் குன்றுகள் தட்டுகளில் இறங்குகின்றன. அவளுக்கான ஐந்தாவது சிரட்டை வேகும்போது வளைவில் ஹாரன் கேட்கிறது. சிரட்டையோடு துண்டில் பொதிந்துகொண்டு ஓடுகிறாள். ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியே தலையை நீட்டுகிறாள். "மாமா, பயறு வெந்துதா?" குக்கரைத் திறந்து ஒரு மணியை நசுக்கிப் பார்ப்பதற்குள் பஸ் கிளம்பிவிடுகிறது. ஆனால் அவள் சிரட்டையிலிருந்து ஜன்னல் வழியே கிளம்பிய ஆவியைப் பக்கக் கண்ணாடியில் கண்ட டிரைவர், வண்டி சூடாகிவிட்டதென்று நிறுத்தி, இறங்கிப் பானெட்டைத் திறக்கிறார். நான் வாசலில் நின்று நிதானமாகச் சொல்கிறேன்: "வெந்துது மக்கா."