கிளம்பாத வண்டி

"ஸ்டார்ட்டர் நல்லாத்தான் சுத்துது, பேட்டரியும் தெம்பா இருக்கு. அப்புறம் என்னத்துக்கு எடுக்க மாட்டேங்குது?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார் மெக்கானிக். ஸ்பானர் என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் அவரை யாருக்கும் தெரியும்.

தையல்காரர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பின் சீட்டில் பாப்பா, புதுக் கவுனும் மடியில் பையுமாக. தையல்காரரின் மனைவி வாசல்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"விட்டுடுப்பா. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும். இன்னொரு நாள் போய்க்கறோம்."

"பழசுன்னா என்னண்ணே? இது இன்ஜெக்ஷன் வண்டி. மூடு பார்த்து ஓடாது. பெட்ரோல் வரணும், ஸ்பார்க் வரணும். ரெண்டுல எது வரலைன்னு கண்டுபிடிச்சா முடிஞ்சுது கதை. சாவியை ஆன் மட்டும் பண்ணுங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க." பிறகு பின் ஜன்னலுக்குள் தலையை நீட்டினார். "பாப்பா, உன் சீட்டுக்கு அடியில உய்ய்னு ஏதாவது சத்தம் கேக்குதா?"

பாப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "இல்லையே மாமா."

"அப்ப பெட்ரோல் பம்ப் ஓடல."

படியில் போன் ஒலித்தது. "இன்னும் கிளம்பலடி… வண்டி மக்கர் பண்ணுது… அய்யோ, வேணும்னேவா பண்ணுவோம்?" என்ற தையல்காரரின் மனைவி, சட்டென்று குரலைத் தாழ்த்தி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஸ்பானர் பானெட்டுக்குள் குனிந்து ஒரு கறுப்பு மூடியைத் திறந்தார். "பியூஸ் நல்லா இருக்கு. ரிலே…" என்றவர் நிறுத்திவிட்டார். "அண்ணே, இங்க வாங்க. பம்புக்குக் கரண்ட் குடுக்கற ரிலே இருக்க வேண்டிய இடம் காலியா இருக்கு."

தையல்காரர் இறங்கி வந்தார். "எலி ஏதாவது…"

"எலி ஒயரைக் கடிக்கும். ரிலேயைக் கழட்டிட்டு மூடியைப் பழையபடி மூடி வச்சிட்டுப் போகாது."

தையல்காரருக்குக் காது மடலெல்லாம் சுட்டது. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்கூடத் தன்னைத்தான் பார்க்கிறாள் என்று தோன்றியது. மனைவி பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பேண்ட் பாக்கெட்டுக்குள் கையை விட்டார். வெளியே வந்த சின்னக் கறுப்புப் பெட்டியை ஸ்பானரின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"அவகிட்ட சொல்லிடாத," என்றார், தலையை நிமிர்த்தாமலே.

ஸ்பானர் மறுபடி குனிந்தார். ரிலேயை அதன் இடத்தில் செருகினார். தையல்காரர் மறுபடி ஏறிச் சாவியைத் திருப்பியதும் சீட்டுக்கு அடியில் மெல்லிய இரைச்சல் எழுந்தது.

"கேக்குது மாமா, கேக்குது!" பாப்பா கைதட்டினாள்.

ஆனால் ஸ்டார்ட்டர் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. இன்ஜின் எடுக்கவில்லை.

ஸ்பானர் டிரைவர் ஜன்னலில் கையை ஊன்றி, குரலைத் தாழ்த்தினார். "இன்னும் என்னென்ன வச்சிருக்கீங்கண்ணே? இருக்கறதையெல்லாம் குடுத்துடுங்க."

"சத்தியமா வேற எதையும் தொடலப்பா!"

அந்த முகத்தைப் பார்த்ததும் ஸ்பானருக்கு நம்பத் தோன்றியது. மறுபடி பானெட்டுக்குள் புகுந்தார். கொஞ்ச நேரத்தில், "ஸ்பார்க்கும் இல்ல," என்று குரல் வந்தது. "ஸ்பார்க்கை உண்டாக்கற காயிலுக்குப் போற ஒயரோட பிளக் கழண்டு தொங்குது. இது ஆட்டத்துல கழலற பிளக் இல்லண்ணே. கிளிப்பை அழுத்திப் பிடிச்சு இழுத்தாத்தான் வரும்."

"நான் அந்தப் பக்கமே போகலையே!"

"நான்தான்."

மனைவி எப்போது படியிறங்கி வந்தாள் என்று தெரியவில்லை. வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தாள். தோளில் மட்டும் ஒரு கிரீஸ் தீற்றல்.

"காலையில நீங்க குளிக்கப் போனப்ப… எதைப் பிடுங்கினா ஓடாதுன்னு எனக்கென்ன தெரியும்? கைக்கு எட்டினதைப் பிடுங்கிட்டேன்."

"நீயுமா?"

"நீயும்னா?"

அவர் இறங்கி வந்து ரிலே பெட்டியை மோவாயால் காட்டினார். ஒரே கடையில் மிட்டாய் திருடிப் பிடிபட்ட இரண்டு பிள்ளைகள் மாதிரி, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் நின்றார்கள்.

ஸ்பானர் கந்தல் துணியில் கையைத் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். "கழண்டதை மாட்டறதுதான் என் வேலை. ஆனா இதை நீங்கதான் சொல்லணும் அண்ணி. மாட்டவா, இல்ல மூடிட்டுப் போகவா?"

பின் கண்ணாடியில் பாப்பாவின் மூக்கு தட்டையாக அழுந்தியிருந்தது. பார்த்ததும் கையை ஆட்டினாள். "சீக்கிரம் வாங்க!"

"விடியறதுக்கு முன்னாடியே எழுந்து, தானே தலை சீவிக்கிட்டா பாப்பா," என்றாள் மனைவி. குரல் உடைந்தது. "நாம என்ன ஜென்மங்க?"

அவளே குனிந்து அந்தப் பிளக்கை எடுத்து அழுத்தினாள். 'டக்'கென்று பொருந்தியது. இப்போது சாவியைத் திருப்பியதும் முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

வண்டி தெருவைத் தாண்டியது. மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு சீட்டுகளுக்கும் நடுவே பாப்பாவின் தலை ஆசையாக எட்டிப் பார்த்தது.

"பெரியப்பா, எங்கம்மாவுக்கு உடம்பு முழுசாச் சரியாயிடுச்சில்ல? இனிமே நான் அங்கயேதானே இருப்பேன்?"