உயிருள்ள கட்டு

"லைற்றை நூர்க்கப் போறன் அப்பா. பயப்பிடாதேங்கோ."

ஜென்சி சுவிட்சைத் தட்டினாள். குளிர்தேசத்து அஹுன்ட்சிக் பகுதியிலிருந்த வீட்டின் அந்தச் சின்ன அறை இருண்டது. எமிலியானுஸின் வலது பாதத்தில் சுற்றியிருந்த கட்டு பச்சையாக ஒளிர்ந்தது. அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

2007ஆம் ஆண்டுத் தவக்காலத்தின் தொடக்கம் அது. ஜென்சிக்கு ஆய்வுகூடத்தில் வேலை. தான் மாற்றியமைத்த நல்ல கிருமிகளைத் துணிக்குள் குடியேற்றியிருந்தாள். கெட்ட கிருமி எங்கே பட்டாலும் அவை பச்சையாக ஒளிரும். பிறகு அதையே தின்று தீர்க்கும். மனிதரில் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் சர்க்கரை கூடி வந்த அப்பாவின் சலரோகப் புண்ணைப் பார்த்த டொக்டர், உயிர்த்த ஞாயிறுக்குள் ஆறாவிட்டால் பாதத்தை எடுக்கவேண்டி வரும் என்று சொல்லிவிட்டார். பெற்ற மகள் சும்மா இருப்பாளா? ஒருவருக்கும் மூச்சுக்காட்டாமல் கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"இது உயிரோடை இருக்கிற சாமான். கழட்டப்படாது. ஒண்டிலையும் முட்டப்படாது."

"கிருமி வெளியிலை வந்திட்டால்?"

"உடனை செத்துப்போம். நான் அப்பிடித்தான் செய்திருக்கிறன்."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எமிலியானுஸ் பனியென்றும் பாராமல், நொண்டி நொண்டி, வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் நடக்கும் சிலுவைப்பாதை வழிபாட்டுக்குப் போய்வந்தார். வாரத்துக்கு வாரம் பச்சை மங்கியது. பெரிய வெள்ளி காலையில் துணிக்கட்டில் ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லை. அவிழ்த்துப் பார்த்தால் புண் இருந்த இடத்தில் புதுத்தோல். ஜென்சி அப்பாவின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். எல்லாம் ஆண்டவர் செயல் என்றார் அவர். போகட்டும், பெயரை ஆண்டவரே எடுக்கட்டும் என்று அவளும் சிரித்தாள்.

மாலை கோயிலில் தமிழ்ச்சனம் நிரம்பி வழிந்தது. சிலுவையில் பாடுபட்ட கர்த்தரின் சுரூபத்தை எல்லோரும் வரிசையில் வந்து முத்தி செய்தார்கள். குழந்தைகளையும் தூக்கிப் பிடித்து முத்தமிட வைத்தார்கள். வருடக்கணக்காகக் கோயில் பக்கம் போகாத ஜென்சியும் அன்று மனம் நிறைந்து, குனிந்து, கர்த்தரின் பாதக் காயத்தில் உதடு பதித்தாள்.

வழிபாடு முடிந்ததும் வழக்கம்போல எல்லா விளக்குகளும் அணைந்தன.

சுரூபத்தின் பாதக் காயம் பச்சையாக ஒளிர்ந்தது.

முன்வரிசையில் யாரோ புதுமை, கர்த்தரின் அற்புதம் என்று அலறினார்கள். சனம் தடதடவென்று முழந்தாளிட்டது. எமிலியானுஸ் மகளின் காதருகே குனிந்தார்.

"குறை நினையாதை பிள்ளை. ஒவ்வொரு வெள்ளியும் கட்டைக் கழட்டி கர்த்தரின்ரை காயத்திலை ஒத்தி எடுத்தனான். ஊரிலை சுரூபத்திலை லேஞ்சித் துணியை ஒத்தி நோவுக்கு வைக்கிறேல்லையே, அதுபோலை. என்ரை வருத்தத்தை அவர் எடுத்திட்டார், பார்."

ஜென்சி நிமிர்ந்து சுரூபத்தைப் பார்த்தாள். வெளியே வந்தால் கிருமிகள் செத்துப்போகும் என்று சொன்னவள் அவள்தான்.

முன்வரிசைச் சனம் ஒவ்வொருவராகத் திரும்பியது. இருட்டில் ஒரு முகமும் தெரியவில்லை. பெரிதும் சிறிதுமாகப் பச்சை உதடுகள் மட்டும் தெரிந்தன. கத்திவிடாமலிருக்க ஜென்சி தன் வாயை இறுகப் பொத்தினாள். அவளுடைய விரலிடுக்குகளிலும் பச்சை வெளிச்சம் கசிந்தது.