எதிர்வீட்டு ஸ்போர்ட்ஸ் கார்

"காரோட பின்பக்கத்தை வேணுங்கிறப்ப இறுக்கி, வேணுங்கிறப்ப இளக்கி வைக்கிற மாதிரி மாத்துறான். யோக்கியனுக்கு எதுக்குடா அது?"

ஏட்டு திருமலைச்சாமி ஜன்னல் வழியே எதிர்வீட்டைக் காட்டிக் கேட்டார். அவரைப் பார்க்க வந்திருந்த கான்ஸ்டபிள் சுப்புராஜ் எட்டிப் பார்த்தான். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையில்லாத சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், பின்பக்கம் தூக்கி மரக்கட்டைகள்மேல் நின்றது. அடியில் செபாஸ்டினின் கால்கள் மட்டும் தெரிந்தன.

செபாஸ்டின் எஸ்டேட் துரையிடம் டிரைவராக இருந்தவன். துரை சீமைக்குக் கப்பலேறியபோது காரை அவனுக்கே கொடுத்துவிட்டுப் போனார். கார் சும்மா கிடந்தவரை ஏட்டுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது கோயமுத்தூரிலிருந்து புது ஷாக் அப்சார்பர்களை வரவழைத்து, பின்சக்கரங்களுக்குத் தானே மாட்டிக்கொண்டிருந்தான். அதிலிருக்கும் திருகாணியை ஒரு பக்கம் திருப்பினால் வண்டி விறைத்துக்கொள்ளுமாம். மறுபக்கம் திருப்பினால் மெத்தையாகிவிடுமாம். தெருவில் யாரிடமோ அவன் பெருமையாகச் சொன்னது ஏட்டின் காதிலும் விழுந்திருந்தது.

ஏட்டு மதுவிலக்குப் பிரிவில் இருந்தவர். சாராயம் ஏற்றிக்கொண்டு மலையிறங்கும் வண்டிகளை, பின்பக்கம் தாழ்ந்திருப்பதை வைத்தே மறித்துப் பிடித்தவர். பாரம் ஏற்றினாலும் தாழாத வண்டி ஒருவனுக்கு எதற்குத் தேவைப்படும் என்று அவருக்கா தெரியாது?

போய் விசாரித்து வரும்படி சுப்புராஜை அனுப்பினார். அவன் போனவன் போனவன்தான். செபாஸ்டினோடு குசுகுசுவென்று பேசினான். காருக்கு அடியிலும் நுழைந்து பார்த்தான். கையெல்லாம் கிரீஸோடு திரும்பி வந்தவன், ஏட்டின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"ஒண்ணுமில்ல ஏட்டையா. ஆசைக்கு மாட்டுறான்."

இவனையும் கைக்குள் போட்டுக்கொண்டான் என்று ஏட்டு முடிவு கட்டினார்.

அடுத்த வாரம் கார் கட்டையிலிருந்து இறங்கியது. செபாஸ்டின் இடப்பக்க ஸீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் நீளமாக ஒரு பலகையைப் பொருத்தினான். அதன்மேல் உருளைக்கிழங்கு மூட்டைகளை ஏற்றி, குண்டும் குழியுமான மன்னவனூர் ரோட்டுப் பக்கம் ஓட்டிப்போனான். திரும்பி வந்து காருக்கடியில் படுத்துத் திருகாணியைத் திருப்பினான். மறுபடியும் மூட்டையோடு போனான். இன்றைக்குக் கிழங்கு, நாளைக்குச் சாராய டின் என்று ஏட்டு பல்லைக் கடித்தார்.

ஆனால் நாளைக்குச் சாராய டின் ஏறவில்லை. அவர் மனைவி தமயந்தி ஏறினாள்.

குறிஞ்சியாண்டவர் கோயிலுக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். ஜன்னலில் தெரிந்த தெருமுனையில் கார் காத்திருந்தது. அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூட்டை இருந்த இடத்தில் ஏறிச் சாய்ந்துகொண்டாள். வளைவில் கார் மறைந்தது. ஏட்டுக்குச் சாராயம் மறந்துபோனது.

பொழுது சாயும் நேரத்தில், காற்றில் கலைந்த தலையோடு தமயந்தி வந்தாள். கோயிலில் கூட்டமா என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

"திருநீறு எங்க?"

அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "மறந்துட்டேங்க."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் கஞ்சி கொண்டுவந்தபோதும் திரும்பவில்லை. செபாஸ்டின் மனைவியை இழந்தவன், வயதும் குறைவு. தன் நிலைமையை நினைத்தபோது அவள்மேல் ஆத்திரப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று பயந்தே கேட்காமல் இருந்தார்.

ஒருநாள் வெள்ளனே கண் விழித்தபோது, தமயந்தி தகரப்பெட்டியில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே மூடுபனிக்குள் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இந்த முறை தெருமுனையில் இல்லை, வீட்டு வாசலிலேயே.

"போறதுன்னா போ தமயந்தி," என்றார் ஏட்டு. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் தடுக்கவா போறேன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னா நீங்க வரமாட்டேன்னுருவீங்கன்னுதாங்க மறைச்சேன். போன தடவை வேன்ல ஏத்தி, பாதி வழியில வலி தாங்காம மயக்கமாகித் திரும்பி வந்தீங்கள்ல, இனி செத்தாலும் இங்கேயேதான்னு சொன்னீங்களே."

செபாஸ்டினும் சுப்புராஜும் தெருக்காரர்கள் இருவரும் உள்ளே வந்தார்கள். "இதுக்குக் கூரை கெடையாது ஏட்டையா. முதுகை மடக்காம மேலயிருந்தே உங்களைப் பலகையில இறக்கிறலாம்," என்றான் செபாஸ்டின். "அக்காவைப் படுக்கவச்சு மலையிறங்குற காட் ரோடெல்லாம் ஓட்டிப் பார்த்துட்டேன். மெத்தையில கெடக்குற மாதிரிதான் இருக்குன்னாங்க. அவங்க பின்னாலயே பஸ்ல வந்துருவாங்க."

நால்வரும் விரிப்பின் நான்கு மூலைகளையும் பிடித்து நிதானமாகத் தூக்க, சாராய லாரியை விரட்டிப்போன ஜீப் உருண்டு முதுகெலும்பு முறிந்த நாளிலிருந்து கட்டிலைவிட்டு எழாத திருமலைச்சாமி, மதுரை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்.